டிஸ்க்கில் அடங்காத பெண்கள்

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி. கண்டராதித்த சோழரின் மனைவி, உத்தம சோழரின் தாய். கணவர் இறந்த பிறகும் நெடுங்காலம் வாழ்ந்து, பத்தாம் நூற்றாண்டில் செங்கல் கோயில்கள் பலவற்றைக் கல்லுக்கு மாற்றியவர். அவர் திருப்பணி செய்த இன்னொரு கோயில் தஞ்சை மாவட்டத்துத் திருக்கோடிக்காவல். பழைய கோயிலைப் பிரித்துக் கட்டியபோது, அங்கே சிதறிக் கிடந்த கற்களில் முந்தைய மன்னர் காலத்துக் கொடைக் கல்வெட்டுகள் இருந்தன. அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார்கள். வெட்டியதோடு நில்லாமல், இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்றும் குறித்து வைத்தார்கள். பழைய கற்கள் பயனற்றவை என்று கைவிடப்பட்டன. யார் எத்தனை ஆடு கொடுத்தார்கள், எந்த விளக்குக்குக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிவதற்கு அந்தப் படிதான் காரணம்.

ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு நினைவை மாற்றும் வேலை நம் வீடுகளிலும் இப்போது நடக்கிறது. 1980களிலும் 90களிலும் வீடியோ கேசட்டில் பிடித்த கல்யாணங்கள், காதுகுத்துகள், வளைகாப்புகள் எல்லாம் டிஸ்க்குக்குப் போகின்றன. டிஸ்க்கிலிருந்து பென் டிரைவுக்கும் கைப்பேசிக்கும் போகின்றன. திருக்கோடிக்காவல் கல்தச்சருக்கு இருந்த பொறுப்பு இந்த வேலையில் இல்லை. எதை விட்டுவிட்டோம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அப்படி விடப்பட்டதில் பெரும்பகுதி பெண்கள் என்பதுதான் என் கவலை.

வி.எச்.எஸ். கேசட்டை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் அதற்கு வழி திறந்தது 1982, டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த ஆண்டு. வண்ணத் தொலைக்காட்சி வந்தது, கூடவே ‘டெக்’ வந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்தார்கள். பக்கத்திலேயே நெய்வேலி, மாதச் சம்பளக் குடும்பங்கள் வாங்கினார்கள். மற்றவர்கள் டெக்கை வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி ஒரே இரவில் மூன்று படம் பார்த்தார்கள். படம் பார்த்த கண்ணுக்குத் தன்னையும் திரையில் பார்க்கும் ஆசை வந்தது இயல்பு. எண்பதுகளின் இறுதியில் எங்கள் பகுதியில் ஓரளவு வசதியான கல்யாணங்களுக்கு வீடியோகாரர் வரத் தொடங்கிவிட்டார்.

இந்தக் கேசட்டுகளின் காலத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சுலப வழி உண்டு. தொடக்கத்தில் திருமணப் பத்திரிகையைக் கொஞ்ச நேரம் காட்டுவார்கள். அதில் வெறும் ‘தென்னாற்காடு மாவட்டம்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1993க்கு முன். ‘தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்’ என்றிருந்தால் 1993க்கும் 1997க்கும் இடையில். ‘கடலூர் மாவட்டம்’ என்றால் அதற்குப் பின். கல்வெட்டில் வளநாட்டின் பெயரை வைத்துக் காலம் சொல்வது போலத்தான் இதுவும்.

வீடியோவுக்கு முன்பு இருந்தது ஸ்டுடியோப் புகைப்படம். அதில் பெண் அசையாமல் நிற்பாள். வாய் மூடியிருக்கும். கை நாற்காலியின் முதுகில் இருக்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலிருந்து ஸோயி ஹெட்லி முன்னெடுத்த பணியில் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்கள் தேடியெடுக்கப்பட்டுப் படியாக்கப்பட்டன. அவற்றைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லும் அசைவின்மை புரியும். கேசட் அதைக் கலைத்தது. தோளில் வைக்கும் பெரிய கேமரா, பின்னால் ‘சன் கன்’ விளக்கைத் தூக்கியபடி ஒரு பையன், அவன் பின்னால் வயர். அந்த வெளிச்சம் சமையல்கட்டுக்குள் நுழைந்தபோது பெண்கள் முகத்தை முந்தானையால் மூடினார்கள். திட்டினார்கள். சிரித்தார்கள். கேமராவில் மைக்கும் இருந்ததால் இதெல்லாம் பதிவானது. திரைப்படத்திலும் வானொலியிலும் பெண் குரல் இருந்தது. அது பாடகியின், நடிகையின் குரல். எங்கள் ஊர்ப் பெண்களின் குரல், அவர்கள் பேச்சு வழக்கிலேயே, இவ்வளவு அதிகமாகப் பதிவானது இதுவே முதல் முறை. யாரும் அதற்காகப் பதிவு செய்யவில்லை என்பதுதான் அதன் மதிப்பு.

உறவினர் வீடுகளிலும் மாணவிகள் வீடுகளிலும் பரணிலிருந்து இறக்கிய ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஒன்றில், கொல்லைப்புறத்தில் ஐந்தாறு பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார்கள். விளக்கு அவர்கள் மேல் விழுந்ததும் ஒருத்தி, “எங்கள ஏன்யா புடிக்கற, பொண்ணப் போயிப் புடி” என்கிறாள். கேமரா போகவில்லை. ஏறக்குறைய நான்கு நிமிடம் அங்கேயே நிற்கிறது. அந்த நான்கு நிமிடத்தில், கடன் வாங்கிய அண்டா யாருடையது, எந்த வீட்டு மருமகள் வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒரு தெருவின் பொருளாதாரமும் பகையும் வெளியே வந்துவிடுகின்றன.

நலங்குப் பாட்டைச் சொல்லியாக வேண்டும். தமிழ் ஆய்வு மாணவியாக நான் அச்சில் படித்த நலங்குப் பாடல்கள் ஒழுங்காக அடி பிரித்து, எண் போட்டு இருக்கும். கேசட்டில் அந்தப் பாட்டு வேறு பிறவி. ஆயா ஒருத்தி தொடங்குவாள். மூன்றாம் அடியில் மறந்துவிடுவாள். இன்னொருத்தி எடுத்துக் கொடுப்பாள். மாப்பிள்ளையின் அக்காளைக் கேலி செய்யும் இடம் வந்ததும் அந்த அக்காளே எதிர்ப்பாட்டு எடுப்பாள். பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அச்சுத் தொகுப்பில் சிரிப்பு இல்லை, மறதியும் இல்லை. நாட்டுப்புறவியல் துறையினர் இந்தக் கேசட்டுகளை இன்னும் பொருட்படுத்தவில்லை என்பது என் மனக்குறை.

இப்போது டிஸ்க்குக்கு வருகிறேன். சாதாரண வி.எச்.எஸ். கேசட் மூன்று மணி நேரம் ஓடும். உள்ளே இருப்பது அரை அங்குல அகலமும் கால் கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமும் உள்ள நாடா. முதலில் வந்த வி.சி.டி.யில் அடங்கியது 74 நிமிடம். பின்பு வந்த டி.வி.டி.யில் நல்ல தரத்தில் சுமார் இரண்டு மணி நேரம். 2006இல் தொடங்கி அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கிய ஆண்டுகளில் மலிவான டிஸ்க் பிளேயரும் வீடுகளுக்குள் வந்தது. ‘கேசட்டை சி.டி.யாக மாற்றித் தரப்படும்’ என்று ஸ்டுடியோ வாசல்களில் பலகை தொங்கியது. மூன்று மணி நேரத்துக்கு மூன்று சி.டி. வேண்டும். குடும்பத் தலைவர் கேட்பது ஒரு சி.டி., அதிகம் போனால் இரண்டு. அப்படியானால் வெட்ட வேண்டும்.

எதை வெட்டினார்கள்? அப்படி மாற்றுபவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, மேடைக்கு வந்து பரிசு கொடுக்கும் பிரமுகர்கள் இருந்தார்கள். கட்சிக்காரர் ஒருவர் கை கூப்பியபடி வந்து போவது முழுதாக இருந்தது. தேங்காய் துருவும் பெண்கள் வந்ததும், “இதெல்லாம் வேஸ்ட் ஷாட் மேடம்” என்று வேகமாக ஓட்டினார். நலங்கில் படம் இருந்தது, குரலை எடுத்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டை ஒட்டினார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாடிக்கையாளர் அதைத்தான் கேட்கிறார். பணம் கொடுக்கிறவர் பெரும்பாலும் ஆண். முக்கியமானது எது என்று முடிவு செய்கிறவரும் அவரே. 74 நிமிடம் என்ற கொள்ளளவு எங்கோ வகுக்கப்பட்ட தொழில்நுட்ப அளவு. அது எங்கள் ஊருக்கு வந்ததும், வீட்டில் ஏற்கெனவே இருந்த வரிசைப்படி பெண்களை வெளியே தள்ளியது.

ஒரு சின்னச் செய்தி. கேசட்டைப் படிக்கும் டெக்கின் ‘ஹெட்’ ஃபெர்ரைட் என்ற பொருளால் ஆனது. இரும்பு ஆக்சைடுடன் வேறு உலோக ஆக்சைடுகளைச் சேர்த்து உயர்ந்த வெப்பத்தில் ஆக்கும் ஒருவகைப் பீங்கான் அது. அகல்விளக்கும் பொம்மையும் மின்சார ஃப்யூஸ் கட்டைகளும் செய்யும் எங்கள் செராமிக் தொழிற்பேட்டைப் பெண்களிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நம்ம சாதிதான்னு சொல்லு” என்று சிரித்தார்கள்.

வெட்டப்படாமல் இருக்கும் இன்னொரு பகுதி சீர்வரிசை. பீரோ, கட்டில், கிரைண்டர், குத்துவிளக்கு, வெண்கலப் பானை என்று கேமரா அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக நகரும். நகைப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பெண்ணியவாதியாக எனக்கு இந்தக் காட்சி கசக்கும். ஆனால் வரலாறு நம் கசப்பைக் கேட்டு நடப்பதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. மணமக்களுக்கு வரும் பரிசுகளைப் பட்டியலிட்டுக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்ற விதி 1985இல் வந்தது. அப்படியொரு பட்டியல் எழுதிய கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. அதே 1985இல் பிரதிபா ராணி வழக்கில், சீதனம் பெண்ணுக்கே முழுச் சொந்தம், அது கணவன் வீட்டில் இருப்பதால் அவர்களுடையதாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிந்து வரும் பெண்ணிடம், ‘என்ன கொண்டுவந்தாய், சாட்சி என்ன’ என்று கேட்கும்போது அவளிடம் இருக்கும் ஒரே பட்டியல் சில சமயம் அந்த வீடியோதான். பெருமைக்காகப் பிடித்தது அவளுடைய பத்திரமாகிவிடுகிறது.

இங்கேதான் டிஸ்க்குக்கு மாற்றிய கையோடு கேசட்டைக் குப்பையில் போடுவது ஆபத்தாகிறது. டிஸ்க்கில் எரித்த படி சட்டத்தின் கண்ணில் மின்னணு ஆவணத்தின் நகல். அதற்கு உரிய சான்றிதழ் வேண்டும் என்று 2014இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமும் சான்றிதழ் கேட்கிறது. வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்த நகலை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சும்மா விடமாட்டார். மூலக் கேசட் கையில் இருப்பது வேறு பலம்.

கல்யாண வீடியோ சாட்சியமாவதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் ஈழத் தமிழர்கள். போர்க்காலத்தில் மாப்பிள்ளை கனடாவிலோ இங்கிலாந்திலோ இருப்பார். பெண் இலங்கையில் இருப்பாள். கல்யாணம் இந்தியாவில் ஒரு மண்டபத்தில் நடக்கும். இது உண்மையான கல்யாணம்தான் என்று விசா அதிகாரியை நம்பவைக்க ஆல்பமும் வீடியோவும் வேண்டும். சித்தார்த்தன் மௌனகுரு 2019இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தக் கல்யாணங்களையும் அவற்றின் படங்களையும் விரிவாகப் பேசுகிறது. சடங்கு எப்படி நடந்தது என்பதைவிட அதிகாரி எதைச் சடங்கு என்று எதிர்பார்ப்பார் என்பது முக்கியமாகிவிடும். அப்படியானால் கேமராவுக்கு முன் அழவும் சிரிக்கவும் வேண்டியது பெண்ணின் வேலையாகிறது. எங்கள் ஊர்க் கேசட்டுகளில் கேமராவை மறந்துபோன பெண்களைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும்.

கேசட் இல்லாதவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் பார்த்த பெட்டியில் காலனி வீட்டுக் கேசட்டுகள் மிகக் குறைவு. இருப்பவையும் பிந்தைய ஆண்டுகளைச் சேர்ந்தவை. செராமிக் கொட்டகைகளில் அச்சில் களிமண் கூழை ஊற்றிய, பொம்மையின் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கிய பெண்களின் வேலையை யாரும் வீடியோ எடுக்கவில்லை. வேலை முடிந்து நேராகக் கல்யாணத்துக்கு வந்து, காதோரத்தில் வெள்ளை மண் காய்ந்திருக்க, பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவர்கள் சட்டகத்துக்குள் வருகிறார்கள். பந்தியும் வெட்டப்படும் பகுதி.

எந்தக் கேமராவுக்கும் முன் நடக்க முடியாத கல்யாணங்களும் உண்டு. விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த கண்ணகியும் முருகேசனும் சாதி கடந்து 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலையில் இருவரையும் விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். 2021இல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. 2025இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது. அவர்கள் கல்யாணத்துக்கு இருந்தது ஒரு பதிவேடு. அந்த ஆண்டு அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிடிக்கப்பட்ட அத்தனை கல்யாணக் கேசட்டுகளையும் பார்க்கும்போது, எந்தக் கல்யாணத்துக்கு விளக்குப் பிடித்தார்கள் என்பதும் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் படியெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெட்டியில் என் மஞ்சள் நீராட்டு விழாக் கேசட்டும் இருக்கிறது. 1993. ஜடை அலங்காரம் தெரியும்படி கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்திருக்கிறார்கள். அத்தைமார் தட்டோடு வருகிறார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. இன்று அந்த மாதிரிக் கேசட்டுகள் டிஸ்க்காகி, டிஸ்க்கிலிருந்து துண்டு துண்டாகக் குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போகின்றன. ‘யாருன்னு கண்டுபிடி பார்க்கலாம்’ என்று கீழே ஒரு சிரிப்பு. அந்தப் படத்தில் இருக்கும் சிறுமிக்கு இப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவளுக்கு மாணவர்கள் இருக்கலாம், மேலதிகாரிகள் இருக்கலாம். படியெடுப்பதா, யாருக்குக் கொடுப்பது, அழிப்பதா என்ற முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும். என்னுடையதை ஒரே ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டேன். அண்ணன் கேட்டார். கொடுக்கவில்லை. அதில் நான் அழும் இடத்தில் அம்மா குனிந்து காதில் ஏதோ சொல்கிறாள்; என்ன சொன்னாள் என்று இருவருக்கும் நினைவில்லை. அதற்காகத்தான் வைத்திருக்கிறேன்.

காலம் குறைவு. உலகின் கடைசி வி.எச்.எஸ். டெக் தயாரிப்பாளர் எனப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2019இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் சேர்ந்து காந்த நாடாக்களுக்கு எச்சரிக்கை விடுத்தன: 2025ஐ ஒட்டி, ஓட்டிப் பார்க்கக் கருவியும் உதிரி பாகமும் கிடைப்பது அரிதாகிவிடும். நம் ஊர் ஈரக்காற்று தன் பங்குக்குப் பூஞ்சையைக் கொடுக்கிறது. கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக வெள்ளைப் பொடி தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். நாடாவும் போகும், ஹெட்டும் போகும், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைத்த பிறகே ஓட்ட வேண்டும். முதுகுப் பக்கத்துச் சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் தவறிப்போய் மேலே பதிவாகாது. கேசட்டை நிமிர்த்தி வையுங்கள். மூன்று மணி நேரக் கேசட்டைப் படியெடுக்க மூன்று மணி நேரம் ஆகும்; அதற்குக் குறுக்கு வழி இல்லை. வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், மூலச் சத்தத்தோடு எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். டிஸ்க்கோடு நின்றுவிடவும் வேண்டாம். மலிவு டிஸ்க்கின் சாயம் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். புதிய மடிக்கணினிகளில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. கோப்பாக எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். வெட்டியே தீர வேண்டும் என்றால், எது வெட்டப்பட்டது என்று உறையில் எழுதுங்கள்.

அம்பை என்று நாம் அறிந்த சி.எஸ். லக்ஷ்மி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் மூவரும் 1988இல் மும்பையில் ஸ்பாரோ காப்பகத்தைத் தொடங்கியபோது, அதன் பெயரிலேயே ஒலியையும் படத்தையும் சேர்த்தார்கள். எழுதத் தெரியாத பெண்ணின் வரலாறும் குரலில், பாட்டில், சைகையில் இருக்கிறது என்ற புரிதல் அது. ஒவ்வொரு ஊருக்கும் அப்படியொரு காப்பகம் வரும்வரை நம் வீட்டுப் பரணே காப்பகம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமாவது வேண்டும்.

நான் வைத்திருக்கும் நோட்டில் மூன்று கட்டங்கள்: நேரம், யார், என்ன செய்கிறாள். எண்பதைத் தாண்டிய சின்ன ஆயாவை அருகில் உட்காரவைத்துப் படத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறேன். ஆண்களுக்கு அவர் பெயர் சொல்கிறார். பெண்களுக்கு, “முந்திரித் தோப்புக்காரு பொண்டாட்டி”, “ஸ்டேஷன் மாஸ்டரு வூட்டம்மா” என்று சொல்கிறார். “பேரு என்ன ஆயா?” என்றால் யோசிக்கிறார். சில நாள் கழித்து நடு இரவில் எழுந்து ஒரு பெயரைச் சொல்வார். விளக்கைப் போட்டு எழுதிக்கொள்வேன். தேங்காய் துருவும் காட்சியில், 2 மணி 12ஆம் நிமிடத்தில், வீடியோகாரரைத் திட்டுகிற அந்தப் பெண்ணின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. செராமிக்கில் வேலை பார்த்தவள், உரல் வேலைக்கென்று கூப்பிட்டால் வருவாள் என்பதுவரை ஆயாவுக்கு நினைவிருக்கிறது. தொழிற்பேட்டையில் நெடுங்காலம் பொம்மைக்கு வண்ணம் பூசிய ஓர் அம்மா, முகத்தைக் காட்டினால் சொல்லிவிடுவேன் என்றிருக்கிறார். அந்தச் சட்டகத்தை மட்டும் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுக்கக் கொடுத்திருக்கிறேன். முந்தானை பாதி மறைத்த முகம். வெள்ளிக்கிழமை கிடைக்கும்.